நாற்றங்கால் வரப்பில் செத்துக் கிடந்த மடையான்கள்: வயல்மருந்து பறவைகளை எப்படிச் சேர்கிறது?

கன்னடியன்கால் (இழையைத் தொடங்கியவர்)

தாமிரபரணியின் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில், பிசான நெல் பருவத்துக்கு நாற்றுப் பாவி இரண்டு வாரம் ஆகியிருந்த ஒரு வயலின் வரப்பில், சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு மூன்று மடையான்களும் இரண்டு மைனாக்களும் ஒரு செம்போத்தும் செத்துக் கிடந்ததைக் கண்டேன். மடையான் என்பதை எங்கள் பக்கத்தில் குருட்டுக்கொக்கு என்றும் சொல்வார்கள். மூன்றில் ஒன்றின் அலகில் வயல் நண்டின் கால் பாதி விழுங்கியபடியே இருந்தது. இன்னொரு மைனா அப்போது உயிருடன் இருந்தது. நிற்க முடியாமல், இறக்கைகளை விரித்துத் தரையில் ஊன்றியபடி நடுங்கிக்கொண்டிருந்த அது, நான் துண்டை நனைத்துக்கொண்டு திரும்பி வருவதற்குள் அடங்கிவிட்டது. அதன் அலகின் ஓரத்தில் நுரை கட்டியிருந்தது.

முந்தின நாள் மாலை அந்த நாற்றங்காலில் குருணை மருந்து (சிறு மணிகளாக வரும் பூச்சிமருந்து) போட்டதாகப் பக்கத்து வயலில் மடை திறந்துகொண்டிருந்தவர் சொன்னார். வயலுக்குச் சொந்தக்காரரை எனக்குச் சிறு வயது முதல் தெரியும். வைக்கோல் போரில் கீரி குட்டி போட்டிருக்கிறது என்பதற்காக ஒரு மாதம் அந்தப் போரைத் தொடாமல் இருந்த மனிதர். செத்த பறவைகளை அவரிடம் காட்டியபோது அவர் முகம் வெளுத்துவிட்டது. குருத்துப்பூச்சிக்குப் போட்டேன், கொக்குக்கா போட்டேன் என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்விதான் இந்த இழையைத் தொடங்க வைத்தது. பறவையும் விஷமும் என்றால் மயிலுக்கு அரிசியில் மருந்து கலந்து வைத்தவர் பிடிபட்ட செய்திதான் நம் நினைவுக்கு வருகிறது. அதைக் குற்றம் என்று ஒதுக்கிவிட்டு நாமெல்லாம் நிம்மதியாக இருந்துவிடுகிறோம். ஆனால் எந்தப் பறவையையும் கொல்ல நினைக்காத ஒருவர், கடையில் கொடுத்த மருந்தைச் சொன்ன பயிருக்குப் போட்டதால் ஒரே இரவில் ஏழு பறவைகள் இறந்திருந்தால், அது யாருடைய கணக்கில் சேரும்? மருந்து எந்த வழியில் பறவையைச் சேர்கிறது, உடலுக்குள் என்ன செய்கிறது, சாகாமல் தப்பும் பறவைக்கு என்ன ஆகிறது என்பதைத் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும். சொந்தக்காரரைத் திட்டும் பதிவுகள் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சம்சாரி

தம்பி, சொந்தக்காரரைத் திட்ட வேண்டாம் என்று முதலிலேயே எழுதியதற்கு நன்றி. நானும் நாற்பது வருடமாகப் பிசானமும் கார் பருவத்தில் தண்ணீர் கிடைத்தால் காரும் வைக்கிறவன்.

நாற்றங்காலில் பச்சை நன்றாகத் தெரிந்துகொண்டிருக்கும்போது திடீரென்று குருத்து காய்ந்து நின்றால் ஒரு சம்சாரிக்கு, அதாவது விவசாயிக்கு, எப்படி இருக்கும் என்பதை வெளியில் இருப்பவர்கள் அறிய வேண்டும். இரண்டாம் முறை பாவ விதையும் கிடையாது, நாளும் கிடையாது. அணைத் தண்ணீர் முறை வைத்து வருகிறது. அந்தப் பதற்றத்தில் மருந்துக்கடைக்குப் போய் நின்றால், கடைக்காரர் கையில் எது இருக்கிறதோ அதுதான் எங்களுக்கு மருந்து. எத்தனை நாள் பறவை வராமல் பார்க்க வேண்டும் என்றோ, மருந்து போட்ட வயலின் தண்ணீரை வாய்க்காலில் திறந்துவிடக் கூடாது என்றோ இதுவரை ஒரு கடையிலும் எனக்குச் சொன்னதில்லை. பையில் அச்சடித்திருக்கலாம், அந்த எழுத்தை என் கண்ணால் படிக்க முடியாது.

ஒரு சந்தேகத்தையும் கேட்கிறேன். குருணையைத் தொளியில், அதாவது தண்ணீர் நிற்கும் சேற்றில்தான் போடுகிறோம், அது தண்ணீருக்கு அடியில் போய்விடுகிறது. கொக்கு குருணையைத் தின்னாது. பிறகு எப்படிச் செத்தது?

மருதநிழல் (கால்நடை மருத்துவர்)

சம்சாரி அண்ணாச்சியின் கேள்வி மிகச் சரியான இடத்தைத் தொடுகிறது. பறவை குருணையைத் தின்ன வேண்டியதே இல்லை. குருணையைத் தொட்ட உயிரைத் தின்றால் போதும்.

நீங்கள் சொல்லும் குருணை பெரும்பாலும் கார்போபியூரானாக இருக்கும். தண்ணீரில் கரைந்து வேரின் வழியாகப் பயிருக்குள் ஏறும் மருந்து அது. அதே தண்ணீரில் இருக்கும் நண்டு, மண்புழு, தவளைக்குஞ்சு, நீர்ப்பூச்சி எல்லாம் முதலில் தள்ளாடி மேலே வருகின்றன. ஓட முடியாத இரை ஒரு மடையானுக்கு எப்படிப்பட்ட விருந்து என்று எண்ணிப் பாருங்கள். மருந்து போட்ட மறுநாள் காலையில் அந்த வயலுக்கு மற்ற வயல்களைவிட அதிகமான பறவைகள் வருவதற்கு இதுவே காரணம். மைனாவைப் போல மண்ணைக் கிளறி மேய்கிற பறவைகளும் தானியம் தின்னும் பறவைகளும் குருணையையே விதை என்றும், செரிமானத்துக்கு விழுங்கும் சிறு கல் என்றும் எண்ணி எடுத்துவிடுவதுண்டு.

உடலுக்குள் நடப்பது இதுதான். நரம்பிலிருந்து தசைக்குக் கட்டளையைக் கொண்டுபோகும் அசிட்டைல்கோலின் என்ற பொருள், வேலை முடிந்ததும் ஒரு நொதியால் உடனே சிதைக்கப்பட வேண்டும். கார்போபியூரான் போன்ற கார்பமேட்டுகளும், மோனோகுரோட்டோபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட்டுகளும் அந்த நொதியைப் பூட்டிவிடுகின்றன. கட்டளை நிற்காமல் ஓடுகிறது. எச்சில் வழிகிறது, தசைகள் துடிக்கின்றன, இறக்கை தொங்குகிறது, கடைசியில் மூச்சுக்கான தசைகள் செயலிழக்கின்றன. தொடக்கப் பதிவில் மைனாவைப் பற்றி எழுதியிருப்பது கிட்டத்தட்டப் பாடநூல் விவரிப்பு.

பாலூட்டிகளைவிடப் பறவைகள் இதில் எளிதில் வீழ்வதற்கு ஒரு காரணம் உண்டு. இம்மருந்துகளை உடைத்து நீக்கும் சில நொதிகள் பறவைகளின் உடலில் மிகக் குறைவு. சோதனை எலிகளில் பாதியைக் கொல்ல, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 8 மில்லிகிராம் கார்போபியூரான் தேவைப்படுகிறது. காட்டு வாத்துக்கு அரை மில்லிகிராம் அளவே போதும். சந்தையில் உள்ள 3 விழுக்காட்டுக் குருணையின் ஒரு கிராமில் 30 மில்லிகிராம் நஞ்சு இருக்கிறது. வாத்தின் கணக்கையே வைத்துக்கொண்டாலும், கால் கிலோ எடையுள்ள ஒரு மடையானுக்கு ஒரு கிராம் குருணையில் இருநூற்று நாற்பதில் ஒரு பங்கு போதுமானது. இனத்துக்கு இனம் இந்த அளவு மாறும் என்றாலும், விரல் நுனியில் ஒட்டும் தூளைப் பற்றித்தான் பேசுகிறோம் என்பது மாறாது.

அமெரிக்காவில் இந்தக் குருணையால் ஆண்டுக்குப் பத்து முதல் இருபது லட்சம் பறவைகள் இறப்பதாக 1980களில் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை மதிப்பிட்டது. 1991-இல் குருணையைப் படிப்படியாக நிறுத்த முடிவாயிற்று. நம் நாட்டில் 2023-இல் வந்த அறிவிப்பின்படி, உறையிட்ட 3 விழுக்காட்டுக் குருணையைத் தவிரக் கார்போபியூரானின் மற்ற வடிவங்கள் நிறுத்தப்பட்டன. மோனோகுரோட்டோபாஸ் 36 விழுக்காட்டுத் திரவமும் அதே அறிவிப்பில் ஓராண்டு அவகாசத்துடன் விலக்கப்பட்டது. பழைய சரக்கு வீட்டுப் பரணில் இருந்தால் அதைப் போடாதீர்கள், வாய்க்காலில் கொட்டவும் செய்யாதீர்கள்.

கன்னடியன்கால் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உடல்களை வைத்திருக்கிறீர்களா?

கன்னடியன்கால்

ஐந்து உடல்களை நெகிழிப் பையில் கட்டி ஐஸ் பெட்டியில் வைத்தேன். இரண்டை அதற்குள் நாய் இழுத்துக்கொண்டு போய்விட்டது. அந்த நாயைப் பற்றியும் கவலையாக இருக்கிறது.

மருதநிழல்

நாயைக் கட்டிவைத்துப் பாருங்கள். எச்சில் வழிந்தாலோ தள்ளாடினாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள், இந்த நஞ்சுக்கு அட்ரோபின் ஊசி நன்றாக வேலை செய்யும்.

ஐஸில் வைத்தது மிக நல்லது. இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் சற்று விரித்து எழுதுகிறேன். நஞ்சைக் கண்டறியும் ஆய்வுக்கு அனுப்பும் உறுப்புகளை ஃபார்மலினில் போடக் கூடாது. உறைய வைத்தே அனுப்ப வேண்டும். தீனிப்பையில் உள்ளது, இரைப்பை, கல்லீரல், மூளை ஆகியவை முக்கியம். மூளையில் நான் மேலே சொன்ன நொதியின் வேலை இயல்பான அளவில் பாதிக்கும் கீழே இருந்தால், சாவுக்கு இந்த மருந்தே காரணம் என்று கொள்வது வழக்கம். ஆனால் கார்பமேட்டுகளின் பூட்டு தற்காலிகமானது. உடல் வெயிலில் கிடந்தால் செத்த பிறகும் அந்தப் பூட்டு தானாகத் திறந்துகொண்டு, மூளைச் சோதனை எல்லாம் இயல்பாக இருப்பதாகக் காட்டிவிடும். நம் ஊர் வெயிலில் நண்பகல் வரை கிடந்த உடலை அனுப்பிவிட்டு, ஆய்வில் ஒன்றும் தெரியவில்லை என்று வருத்தப்படுவதில் பயனில்லை.

கையுறை இல்லாமல் தொடாதீர்கள். குளத்தில் கூட்டமாக நீர்ப்பறவைகள் இறந்தால் மருந்து என்று நாமே முடிவு கட்டிவிடவும் கூடாது. பறவைக் காய்ச்சலாக இருக்கலாம், பொட்டுலிசம் என்னும் நுண்ணுயிர் நஞ்சாகவும் இருக்கலாம். 2019-இல் இராஜஸ்தானின் சாம்பர் ஏரியில் பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பறவைகள் இறந்தது அந்தப் பொட்டுலிசத்தால்தான். கழுத்து துவண்டு தண்ணீரில் தொங்குவது அதன் அடையாளம். கால்நடைப் பராமரிப்புத் துறைக்கும் வனத்துறைக்கும் தெரிவித்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

களக்காட்டு ஆசிரியை

எங்கள் பக்கம் நெல்லைவிட வாழைதான் அதிகம். வாழைக்கன்று நடும் குழியில் குருணை போடுவதும், தண்டுக்கூன் வண்டுக்கு மரத்தில் ஊசி வழியாக மோனோகுரோட்டோபாஸ் ஏற்றுவதும் நான் சிறுமியாக இருந்தபோதிலிருந்து பார்த்த வேலைகள். என் தந்தையார் வெறுங்கையால் செய்வார்.

அந்த மருந்தின் பெயரைப் பிற்காலத்தில் ஒரு பறவைக் கதையில் கண்டு திடுக்கிட்டேன். வட அமெரிக்காவில் கூடு கட்டி, குளிர்காலத்துக்கு அர்ஜென்டினாவின் புல்வெளிக்குச் செல்லும் சுவைன்சன் பருந்து என்றொரு பறவை. அங்கே அது வெட்டுக்கிளியைத் தின்றே காலத்தைக் கழிக்கும். 1995–96 பருவத்தில் அங்குள்ள விவசாயிகள் வெட்டுக்கிளிக்கு மோனோகுரோட்டோபாஸ் தெளித்தார்கள். செத்துக்கொண்டிருந்த வெட்டுக்கிளிகளைத் தேடி வந்த பருந்துகள் மரத்தடியில் குவியலாகக் கிடந்தன. எண்ணப்பட்ட உடல்கள் ஐயாயிரத்துக்கு மேல். மொத்தம் இருபதாயிரம் இறந்திருக்கும் என்று கணக்கிட்டார்கள். டாக்டர் நண்டைப் பற்றி எழுதியதைப் படித்ததும் அந்தப் பருந்துதான் கண்முன் வந்தது. பூச்சியைப் பிடித்து விவசாயிக்கு உதவ வந்த பறவை, பூச்சியோடு சேர்த்துக் கொல்லப்படுகிறது.

ஒன்று கேட்க வேண்டும். செத்த பறவைகளை எண்ணுகிறோம். சாகாதவற்றுக்கு ஒன்றும் இல்லையா?

நாங்குநேரித் தடம்

டீச்சர் கேட்ட கேள்வியில்தான் என் மனமும் பல நாளாக நிற்கிறது. நான் ஆண்டுதோறும் ஜனவரியில் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நடக்கும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் கலந்துகொள்கிறவன். மருத்துவன் அல்லன், படித்தறிந்ததை எழுதுகிறேன்.

முதலில், சாகும் பறவைகளே நம் கண்ணில் படுவதில்லை. கார்பமேட்டு சில நிமிடங்களில் வேலை செய்வதால் உடல் வயலோரத்திலேயே கிடைக்கிறது. மெதுவாக வேலை செய்யும் மருந்தாக இருந்தால் பறவை புதருக்குள்ளோ தாழம்பூக் காட்டுக்குள்ளோ போய் அடங்கிவிடும். பொழுது விடிவதற்குள் நாயும் கீரியும் காகமும் மிச்சத்தை முடித்துவிடும். கன்னடியன்கால் எட்டு மணிக்குப் போயிருந்தால் இந்த இழையே இருந்திருக்காது.

சாகாத அளவு மருந்து ஏறிய பறவையின் உடல் வெப்பம் குறைகிறது, இரை எடுப்பது குறைகிறது. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில், குஞ்சு வளர்க்கும் தாய்ச் சோளக்குருவிகளுக்குச் சிறிதளவு ஆர்கனோபாஸ்பேட்டு கொடுத்துப் பார்த்தார்கள். குஞ்சுகளுக்கு இரை கொண்டு வரும் தடவை குறைந்துவிட்டது. தாய்க்கு ஒன்றும் ஆகவில்லை என்று நாம் எழுதிக்கொள்வோம். கூட்டில் குஞ்சு பட்டினி கிடக்கும்.

விதைநேர்த்தி மருந்துகளையும் இங்கே சொல்ல வேண்டும். மானூர்ப் பக்கத்து மானாவாரி நிலங்களில் மக்காச்சோளம் பெருகியிருக்கிறது. 2018-இல் மக்காச்சோளத்தைத் தின்னும் படைப்புழு வந்த பிறகு, சாயம் பூசிய மருந்து விதை இல்லாமல் யாரும் ஊன்றுவதில்லை. மண்ணுக்கு வெளியே சிந்திய விதையைக் கௌதாரியும் புறாவும் மயிலும் பொறுக்குகின்றன. இமிடாகுளோபிரிட் போன்ற நியோநிகோட்டினாய்டு மருந்து மிகச் சிறிய அளவில் ஏறிய சிட்டுகள் உடல் கொழுப்பை இழந்து, வலசைப் பயணத்தை மூன்றரை நாள் தள்ளிப் போட்டதைக் கனடாவில் செய்த ஆய்வு 2019-இல் காட்டியது. நெதர்லாந்தில் இதே மருந்து நீரில் அதிகமாக இருந்த பகுதிகளில், பூச்சி தின்னும் பறவைகள் ஆண்டுக்கு மூன்றரை விழுக்காடு என்ற அளவில் குறைந்துவந்ததை 2014-இல் எழுதினார்கள். அங்கே பறவையைக் கொன்றது மருந்து மட்டும் என்று சொல்ல முடியாது. பறவைக்கு வேண்டிய பூச்சி இல்லாமல் போனதும் ஒரு காரணமாக இருக்கக்கூடும். தூக்கணாங்குருவியும் சிட்டுக்குருவியும் தானியம் தின்பவை என்றாலும், குஞ்சுக்கு ஊட்டுவது புழுவைத்தான்.

நம் திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் 1994-இல் சரணாலயம் அறிவிக்கப்படுவதற்கு முன்பிருந்தே ஊர்மக்கள் பறவைகளைக் காத்துவருகிறார்கள். தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. வீட்டு முற்றத்து மரத்தில் மஞ்சள்மூக்கு நாரை கூடு கட்டினால் விரட்டுவதில்லை. திருப்புடைமருதூரில் கோயிலை ஒட்டிய மருத மரங்களில் கூடும் பறவைகளுக்காக 2005-இல் அறிவிக்கப்பட்டதுதான் இந்தியாவின் முதல் பாதுகாப்புக் காப்பகம். ஆனால் அந்த மரத்தில் உறங்கும் கொக்கு பொழுது விடிந்ததும் காப்பகத்தின் எல்லைக்குள் மேய்வதில்லை; உங்கள் வயலுக்கும் என் வயலுக்கும்தான் வருகிறது. எல்லைக் கல்லுக்கு உள்ளே நாம் காட்டும் அன்பு, வெளியே ஒரு பை குருணையில் தீர்ந்துவிடுகிறது.

சம்சாரி

எல்லோரும் எழுதியதைப் பேரனை வைத்து இரண்டு முறை படிக்கக் கேட்டேன். தள்ளாடும் நண்டைப் பற்றி டாக்டர் எழுதியது உண்மை. மருந்து போட்ட மறுநாள் வரப்பில் நண்டு ஏறிக் கிடப்பதை நாங்கள் மருந்து நன்றாக வேலை செய்கிறது என்பதற்கு அடையாளமாகப் பார்த்துப் பழகியிருக்கிறோம். கொக்கு அதைத் தேடித்தான் வருகிறது என்று இத்தனை வருடம் தோன்றவில்லையே என்று வருத்தமாக இருக்கிறது.

மயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். விஷம் வைப்பதை நான் ஒருநாளும் சரி என்று சொல்ல மாட்டேன். மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை என்று சட்டமும் இருக்கிறது. ஆனால் நிலக்கடலை ஊன்றிய மறுநாள் இருபது மயில் இறங்கினால் அந்த இழப்புக்கு யாரும் வந்து நிற்பதில்லை. அந்தக் கோபத்தைக் கேட்க ஆள் இல்லாத இடத்தில்தான் சிலர் தவறான வழிக்குப் போகிறார்கள். காவலுக்கு ஆள் கிடைக்காத காலம் இது. இதையும் சேர்த்துப் பேசினால்தான் பறவைக்கு நல்லது நடக்கும்.

எலியைப் பற்றியும் கேட்கிறேன். மருந்து வைத்த எலியைத் தின்றால் கூகைக்கு ஆபத்து உண்டா?

மருதநிழல்

உண்டு, அண்ணாச்சி, ஆனால் எந்த மருந்து என்பதைப் பொறுத்தது. ஜிங்க் பாஸ்பைடு எலியின் வயிற்றிலேயே வாயுவாக மாறிவிடுவதால் எலியைத் தின்னும் பறவைக்கு ஆபத்து குறைவு. ஆனால் வெளியே வைத்த தீனியை மைனாவும் புறாவும் தின்றால் சாகும். ஆகவே வளைக்குள் வைத்து மூட வேண்டும். புரோமடியோலோன் கட்டியைத் தின்ற எலி சாக நான்கைந்து நாள் ஆகும். அதுவரை மெலிந்து தள்ளாடிக்கொண்டு வெளியில் திரியும்போது கூகை அதைத்தான் பிடிக்கும். அந்த மருந்து கூகையின் கல்லீரலில் தங்கி, அடுத்த எலியோடு சேரும். இரத்தம் உறையாமல் உள்ளுக்குள் கசிந்து இறக்கும். இரவெல்லாம் உங்கள் வயலில் எலி பிடிக்கும் பறவையை இழந்துவிட்டு, அடுத்த பருவத்தில் இன்னும் அதிகக் கட்டி வாங்க வேண்டியிருக்கும். செத்த எலிகளைக் காலையில் பொறுக்கி ஆழமாகப் புதைப்பது பெரிய உதவி.

நாற்றங்காலுக்கு வருவோம். வளரும் பருவத்தில் நூற்றுக்குப் பத்துக் குருத்து காய்வது, அல்லது ஒரு சதுர மீட்டரில் இரண்டு முட்டைக் குவியல், இந்த அளவைத் தாண்டாமல் குருத்துப்பூச்சிக்கு மருந்து தேவையில்லை என்பதே வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. தாய் அந்துப்பூச்சி இலையின் நுனிப் பக்கத்தில் முட்டையிடுவதால், நடும்போது நாற்றின் நுனியைக் கிள்ளிவிட்டால் முட்டைகளில் பெரும் பங்கு வயலுக்கே போகாது. செலவு ஒன்றும் இல்லை.

கன்னடியன்கால்

உடல்களைக் கால்நடைத் துறையினர் வாங்கிக்கொண்டார்கள். மாதிரிகள் ஆய்வுக்குப் போயிருக்கின்றன. நாய் நலமாக இருக்கிறது.

வயலுக்குச் சொந்தக்காரரிடம் இந்த இழையைப் படித்துக் காட்டினேன். அவர் கேட்டது இரண்டே கேள்விகள். இன்னும் எத்தனை நாள் அந்த வயலில் பறவை இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். டாக்டரைத் தொலைபேசியில் கேட்டு, நாற்றுப் பறிக்கும்வரை மடையை அடைத்துத் தண்ணீரை வெளியே விடாமல், காலையும் மாலையும் தகரம் தட்டுவது என்று வைத்துக்கொண்டோம். பரணில் மீதி இருந்த அரைப் பையை என்ன செய்வது என்றார். வேளாண் அலுவலரைக் கேட்டுச் சொல்லும்வரை பூட்டிய பெட்டியில் இருக்கிறது.

நேற்று நடவு. கட்டுக் கட்டாக வந்த நாற்றை நடவுப் பெண்கள் நுனி கிள்ளியே நட்டார்கள். முதலில் எதற்கு இந்த இரட்டை வேலை என்று கேட்ட ஒரு அக்கா, கிள்ளிய நுனியைத் திருப்பிப் பார்த்து, பழுப்பு நிற முட்டைக் குவியலைக் கண்டதும் மற்றவர்களையும் கூப்பிட்டுக் காட்டினார். வயலின் நான்கு பக்கமும் நடுவிலுமாகப் பறவைத் தாங்கிகள் (பூச்சி பிடிக்கும் பறவைகள் உட்காருவதற்கான குச்சிகள்) ஊன்றியிருக்கிறோம். இன்று காலை ஒன்றில் கரிச்சான் உட்கார்ந்திருந்தது. ஆய்வு முடிவு வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.